தலைக்கட்டும் தலைக்கட்டணமும்

உழைப்பும் ஓய்வும் மனித வாழ்வின் இரு கரைகள். இரண்டிற்கும் இடையே ஓடும்போதுதான் வாழ்வு ஆறாகிறது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். புகார் நகரில் இந்திரவிழா 28 நாள் நிகழ்ந்ததென மணிமேகலை கூறும். வையையில் புதுவெள்ளம் வந்ததும் மதுரை மாந்தர் இளையோரும் முதியோருமாகத் திரண்டு புனலாடியதைப் பரிபாடல் பாடும். அந்த வையை பிறப்பது நம் வருசநாட்டு மலைகளில். நீர்விளையாட்டு என்னும் இன்பத்தைத் தமிழிலக்கியத்துக்கு அளித்த ஆறு நம் மாவட்டத்து ஆறு என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

அவ்வின்பத்திற்கு இன்று மதிலும் வாயிலும் எழுந்துள்ளன. செயற்கை அலைக்குளமும் சறுக்கு நீரோடையும் விண்ணில் சுழலும் எந்திரங்களும் ஒருங்கே அமைந்த கேளிக்கைப் பூங்காக்கள் 1990களில் தென்னகத்தில் பெருகத் தொடங்கின. சென்னைத் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா 1995இல் தோன்றியது. நீலகிரி மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் எழுந்தது. கொச்சிக்கருகே 2000ஆம் ஆண்டில் வீகாலாந்து என்னும் பெயரில் தொடங்கிய பூங்காவே இன்று வொண்டர்லா எனப்படுகிறது. மதுரையை அடுத்த பரவையில் அதிசயம் அமைந்தது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து கோடை விடுமுறையில் குடும்பங்கள் வேன் அமர்த்திக்கொண்டு இவ்விடங்களுக்குச் சென்று வருவது ஒரு வழக்கமாகவே ஆயிற்று.

அவ்வழக்கம் இப்போது தளர்ந்து வருகிறது. நம் மாணவரிடையே பேசிப் பார்த்தால் இது விளங்கும். ஆண்டுதோறும் சென்ற குடும்பம் ஓராண்டு விட்டு ஓராண்டு செல்கிறது. அவ்வாறு சென்ற குடும்பம், "பிள்ளைகள் மட்டும் பள்ளிச் சுற்றுலாவில் போய் வரட்டும்" என்று ஒதுங்கிக்கொள்கிறது. காரணம் கேட்டால் "பணம்தான்" என்னும் விடை உடனே வருகிறது. அவ்விடை உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. எவ்வளவு பணம் என்பதைப் போலவே, அப்பணம் எம்முறையில் கேட்கப்படுகிறது என்பதும் நோக்கத்தக்கது. இக்கட்டுரை கூற விழைவது அதனையே.

கட்டணம் வளர்ந்த கதை

முதலில் தொகையைக் காண்போம். சென்னைக்கருகே திருப்போரூர் வட்டாரத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட முதலீட்டில் எழுந்த வொண்டர்லா பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. அப்போது அதன் நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயிலிருந்து தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. பெரியவர் நால்வர் செல்வதாயின் 5,956 ரூபாய். தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். எனவே, நால்வர் அவ்வாயிலைக் கடப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 18 நாள் ஊதியம் வேண்டும். வண்டி வாடகையும் உணவும் இதில் சேரா. மதுரை, மேட்டுப்பாளையம் பூங்காக்களில் கட்டணம் இதனினும் குறைவே. எனினும் கணக்கிடும் முறை எல்லா இடத்தும் ஒன்றே.

வரியும் தன் பங்கைச் செய்தது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது இப்பூங்காக்களின் நுழைவுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய இடம் இது என்னும் முறையீடு எழுந்தபின் 2018 சனவரி 25 முதல் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே வரிச் சட்டத்தில், தலைக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத சர்க்கஸ், நாடகம் ஆகியவற்றின் அனுமதிக்கு வரிவிலக்கு உண்டு. எளியோரின் கேளிக்கையைத் தனியே பிரித்துக் காணும் பார்வை அரசுக்கு இல்லாமலில்லை என்பது இதனால் புலப்படும்.

இது நம் நாட்டு நிலை மட்டுமன்று. இத்தகைய பூங்காக்களுக்கெல்லாம் முன்மாதிரியான டிஸ்னிலாந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955 சூலையில் திறக்கப்பட்டபோது பெரியவர்க்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலரே. ஒவ்வொரு விளையாட்டிற்கும் தனித்தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். 1980களின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டு, எல்லாவற்றிற்கும் சேர்த்து வாயிலிலேயே ஒரே கட்டணம் பெறும் முறை வந்தது. இன்று கூட்டம் மிகுந்த நாள்களில் அக்கட்டணம் 200 டாலரைத் தாண்டி நிற்கிறது. விளைவு என்ன? 2024ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில், யுனிவர்சல் பூங்காக்களை நடத்தும் காம்காஸ்ட் நிறுவனத்தின் பூங்கா வருவாய் முந்தைய ஆண்டைவிட 10 விழுக்காட்டிற்கு மேல் சரிந்தது. வருகையாளர் குறைந்ததே அதற்கு ஒரு காரணம் என்று அந்நிறுவனமே கூறியது. செல்வ நாட்டுக் குடும்பங்களே கணக்குப் பார்த்துப் பின்வாங்குமாயின், கம்பம் பள்ளத்தாக்கின் குடும்பங்கள் பின்வாங்குவதில் வியப்பில்லை.

நிலையில்லா வருவாய்

நம் பகுதியின் வருவாய் மாதச் சம்பளம்போல் வருவதன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையானாலும், வாழையானாலும், மலைமேல் விளையும் ஏலக்காயானாலும் விலை வானிலையைப் போன்றது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றாண்டு செல்வதற்குள் அது 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. விலை ஏறிய ஆண்டில் போட்ட திட்டம் இறங்கிய ஆண்டில் நிறைவேறுவதில்லை. பள்ளிக் கட்டணத்தையும் மருத்துவச் செலவையும் தள்ளிப்போட இயலாது. குடும்பச் செலவில் முதலில் குறைக்கப்படுவது மகிழ்ச்சியே.

இதில் பெரிதும் இழப்பவர் யார்? கம்பம், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் இறங்கி வரும் தாய்மார்கள். கம்பமெட்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் நெருக்கியடித்து அமர்ந்து நாள்தோறும் ஏறி இறங்குவோர்க்குப் பூங்காவின் சுழல்வண்டி ஒரு வியப்பாக இராது. அவர்கள் வேண்டுவது அச்சமூட்டும் எந்திரம் அன்று. பிள்ளைகளோடு நிழலில் அமர ஒரு பகல்.

தலையா, தலைக்கட்டா?

இனி, கேட்கும் முறைக்கு வருவோம். நம் ஊர்களில் திருவிழாவிற்கு வரி வசூலிக்கும் முறை அனைவரும் அறிந்ததே. கோயில் விழாவாயினும் ஜமாஅத் சந்தாவாயினும் கணக்கிடும் அலகு தலைக்கட்டு. ஒரு வீட்டில் மூவர் இருப்பினும் பதின்மர் இருப்பினும் அது ஒரு தலைக்கட்டே. கைம்பெண்ணின் இல்லத்திற்குப் பாதி வரி, அல்லது வரியே இல்லை எனும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. வரி கொடுத்த வீட்டுப் பாட்டியும் பேரனும் வந்திறங்கிய விருந்தாளியும் விழாவில் ஒன்றே. வரி கொடாத வழிப்போக்கனையும் விழா வெளியே நிறுத்துவதில்லை. குடும்பத்தை ஒன்றாக எண்ணுவது தலைக்கட்டு முறை.

பூங்காவின் வாயில் எண்ணுவதோ தலைகளை. குழந்தைக்குக்கூட வயதைக் கேட்பதில்லை. சுவரில் வரைந்த கோட்டில் நிறுத்தி உயரத்தை அளக்கிறார்கள். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்பதால், இருபது விளையாட்டுகளில் ஏறும் இளைஞனும் ஒன்றிலும் ஏறாது மரத்தடியில் அமர்ந்திருக்கும் முதியவளும் ஏறத்தாழ ஒரே விலை கொடுக்கின்றனர். மூத்த குடிமக்களுக்குச் சிறு சலுகை தரும் பூங்காக்கள் உண்டு. ஆயினும், அமர்ந்திருப்பதற்கு ஏன் அவ்வளவு விலை என்னும் கேள்வி சலுகையால் தீர்வதில்லை.

நம் இல்லங்களில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பயணத் திட்டம் தொடங்கியதும் கணக்கு தொடங்குகிறது. கணக்கு தொடங்கியதும் பாட்டி சொல்கிறார்: "எனக்கு அங்கே என்ன இருக்கு? நான் வீட்டைப் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க." அடுத்து, மணமாகாத அத்தையோ கணவனை இழந்த சின்னம்மாவோ உடல்நலமில்லை என்கிறார். அவர்களுக்கு உடல்நலம் நன்றாகவே இருக்கிறது; வீட்டின் கணக்கு அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே. இவ்வாறு குடும்பம் வீட்டு வாயிலிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சென்றவர்க்கும் நிறைவில்லை, இருந்தவர்க்கும் நிறைவில்லை. அடுத்த ஆண்டு அப்பேச்சே எழுவதில்லை.

உள்ளே சென்ற தாயின் நிலையும் எண்ணத்தக்கது. நீர்விளையாட்டுகளில் செயற்கை இழையாலான குளியல் ஆடை வேண்டும் என்பது பாதுகாப்பும் தூய்மையும் கருதிய விதி. அதில் குறைகாண இயலாது. ஆனால் நம் பகுதிப் பெண்களில் பலர், எச்சமயத்தவராயினும், அவ்வாடையில் பலர் முன் நிற்க விரும்புவதில்லை. முழுக் கட்டணமும் செலுத்தி, கணவர் பிள்ளைகளின் உடைமைகளைக் காத்துக்கொண்டு ஓரத்தில் அமர்ந்திருப்பவர் அவரே. வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுவந்த சோறும் பெரும்பாலான பூங்காக்களில் வாயிலைக் கடக்க இயலாது. உணவில் ஆகுமானது, ஆகாதது பார்க்கும் இல்லத்தினர்க்கும், சைவ உணவன்றிக் கொள்ளாதவர்க்கும் கட்டுச்சோறு என்பது சிக்கனம் மட்டுமன்று, மன நிம்மதி. அதுவும் வாயிலில் நின்றுவிடுகிறது.

ஆகவே, குடும்பங்கள் பூங்காவைக் குறைத்துக்கொள்வது வறுமையால் மட்டும் என்று கொள்வது பிழை. தம்மைக் குடும்பமாக ஏற்காத இடத்திலிருந்து குடும்பங்கள் மெல்ல விலகுகின்றன என்பதே பொருந்தும்.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவும் கூறியபின் பூங்காக்களின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. அங்கே தூய கழிப்பறை உண்டு. பெண்கள் உடைமாற்றத் தனியறை உண்டு. நீரில் இறங்குவோரைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்றோர் உண்டு. இளம்பெண்கள் சீண்டலுக்கு அஞ்சாமல் நடக்கலாம். மக்கள் அங்கே கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி எந்திரத்திற்கு, மறுபகுதி இவற்றிற்கு. அருவிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் இவை கிடைக்காமையால்தான் பலர் கடன்பட்டும் பூங்காவிற்குச் சென்றனர். "பழைய திருவிழாவே போதும்" என்று முதியோர் கூறும்போது, அத்திருவிழாவில் கழிப்பறைக்கு இடமின்றிப் பெண்கள் பட்ட துன்பத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இயற்கை தந்த இடங்களும் எந்நாளும் திறந்திருப்பன அல்ல. சுருளியிலும் கும்பக்கரையிலும் வெள்ளம் பெருகும்போது வனத்துறை தடை விதிக்கிறது, விதிக்கத்தான் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டதிலிருந்து காட்டுயிர்க் காப்பு இன்னும் வலுப்பெற்றுள்ளது. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்னும் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்ததையும், அது பிடிபட்ட சூன் 5 வரை ஊரார் அஞ்சியிருந்ததையும் எவரும் மறந்திரார். காடு யானையின் வீடு. நாம் அங்கே விருந்தினர். எனவே நம் மகிழ்ச்சி முழுவதையும் காட்டின் மேல் ஏற்றிவிடுதலும் முறையன்று.

நம் கையில் உள்ளவை

அப்படியாயின் வழி என்ன? தலைக்கட்டு முறையில் நம்மை ஏற்கும் இடங்கள் நம்மருகே உள்ளன. அவற்றைப் பேணுவதே வழி.

1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் இரு கரைப் பூங்காக்களையும் 'சின்ன பிருந்தாவனம்' என்று மக்கள் அழைத்த காலம் ஒன்று உண்டு. கட்டுச்சோற்றோடு மூன்று தலைமுறையும் சென்று அமர்வதற்கு ஏற்ற இடம் அது. லோயர் கேம்பில் 2013 சனவரி 15 அன்று பென்னிகுயிக் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 1895இல் முடிந்த பெரியாற்று அணையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி மலைமேல் கண்ணகி கோட்டத்திற்குப் பளியன்குடி வழியே மக்கள் நடந்து ஏறுவர். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றங்கரை முழுவதும் மக்கள் வெள்ளம். தர்காக்களின் கந்தூரியிலும் சந்தனக்கூட்டிலும் மிட்டாய்க் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் திரிவர். இவ்விழாத் திடல்களில் நடந்து திரிவதற்குக் கட்டணமில்லை. ராட்டினத்தில் ஏறுபவன் ஏறுவதற்கு மட்டும் காசு கொடுக்கிறான். வேடிக்கை பார்ப்பவர்க்கு அந்த மகிழ்ச்சி இலவசம். டிஸ்னிலாந்து தொடக்கத்தில் கைக்கொண்டு பின் கைவிட்ட முறைக்கு நெருங்கியது, நம் திருவிழாத் திடலில் இன்றும் வாழ்கிறது.

போக்குவரத்தும் முன்னிலும் எளிது. மதுரை–போடி மீட்டர்பாதை 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டபின் பதினோராண்டு நம் மாவட்டத்தில் தொடர்வண்டியே இல்லை. 2022 மே 26 முதல் தேனி வரையும், 2023 சூன் 15 முதல் போடி வரையும் அகலப்பாதையில் வண்டி ஓடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிற்கும் இருப்புப்பாதை வேண்டும் என்னும் நெடுநாள் கோரிக்கை மட்டும் இன்னும் எஞ்சி நிற்கிறது. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, பாட்டியும் அத்தையும் பயணக் கணக்கிலிருந்து விடுபட்டனர். அவர்கள் சென்று இறங்கும் இடத்தில் நிழலும் நீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பதே மீதியுள்ள கோரிக்கை.

ஆதலின் சில கருத்துகளை முன்வைக்கிறோம். திருவிழாத் திடல்களில் ராட்டினம் அமைக்கும் உரிமை ஏலம் விடப்படுகிறது. ஏலத்தொகை ஏறஏற அது சிறுவரின் சீட்டு விலையில் வந்து விழுகிறது. மிகுந்த தொகை கேட்பவர்க்கே உரிமை என்னும் நிலை மாறி, சீட்டு விலைக்கு வரம்பும் எந்திரத்தின் பாதுகாப்புச் சான்றும் ஏல நிபந்தனைகளில் முதலிடம் பெற வேண்டும். ஏல வருவாயில் ஒரு பங்கு பெண்களுக்கான கழிப்பறைக்கும் உடைமாற்றும் அறைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். பொதுப் பூங்காக்களில் ஊஞ்சல் அறுந்தால் ஒரு வாரத்தில் மாற்றும் ஏற்பாடு வேண்டும். தனியார் பூங்கா நடத்துவோரும், விளையாடாது உடன்வரும் முதியோர்க்கும் தாய்மார்க்கும் சிறு தொகையில் நுழைவுச் சீட்டு மட்டும் வழங்கலாம். அதனால் அவர்களுக்கு இழப்பில்லை. வராதிருக்கும் குடும்பம் வருவதே ஊதியம்.

கல்விச் சுற்றுலா

இறுதியாக, நம் கல்வி நிலையங்களைப் பற்றி ஒரு சொல். இன்று பல பள்ளி, கல்லூரிகளில் கல்விச் சுற்றுலா என்னும் பெயரில் நடப்பது கேளிக்கைப் பூங்காப் பயணமே. பணம் கட்டியோர் பட்டியல் வகுப்பில் படிக்கப்படும்போது, பெயர் இல்லாத மாணவர் தலைகுனிந்திருக்கும் அந்நொடி எந்தப் பாடத்தாலும் ஈடுசெய்ய இயலாதது. "அத்தாவிடம் கேட்கவே இல்லை, ஐயா" என்று கூறும் மாணவன் வீட்டின் நிலையை மறைக்கவில்லை, அதைத் தாங்குகிறான்.

ஒரு வகுப்பு புறப்பட்டால் முழு வகுப்பும் புறப்பட வேண்டும். அதற்கு இயலாத தொகையெனில் அவ்விடத்தை மாற்ற வேண்டுமேயன்றி மாணவரைக் கழிக்கலாகாது. போடியின் ஏலக்காய் ஏல மையமும், வைகை அணையும், லோயர் கேம்பின் நீர்மின் நிலையமும் ஒருநாள் பயணத்தில் எட்டும் இடங்கள். வணிகவியலும் பொறியியலும் வரலாறும் அங்கே உள்ளன. பரிபாடலைப் பயிலும் தமிழ் மாணவன் மூலவைகையின் கரையில் ஒரு பகல் நின்றால், அப்பாடல் அவனுக்கு ஏட்டுச் சுரைக்காயாக இராது.

ஜமாஅத் பெருமக்களும் கோயில் குழுவினரும் ஊராட்சித் தலைவர்களும் ஆசிரியப் பெருந்தகைகளும் இதனைத் தம் கூட்டங்களில் ஒருமுறை பேசுவார்களாயின் அதுவே நல்ல தொடக்கம். தலைகளை எண்ணும் வாயில்களை நம்மால் உடைக்க இயலாதிருக்கலாம். ஆனால் தலைக்கட்டுகளை வரவேற்கும் திடல்களை நம்மால் கூட்டிப் பெருக்கி வைத்திருக்க இயலும். வீட்டிற்குக் காவல் என்று ஒரு பாட்டியும் பின்தங்காத பயணமே குடும்பப் பயணம். அத்தகைய பயணத்திற்கு நம் பள்ளத்தாக்கில் இடம் இருக்கிறது; அதைப் பேணும் பொறுப்பு நம்முடையது.